அலைக்கற்றை கடைமடைக்கும் பாயட்டும்

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்று கைபேசியைப் பார்த்தவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். நம் ஊர் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்துகொண்டே வரும். திடீரென்று திரையில் இலங்கை நிறுவனம் ஒன்றின் பெயர் தெரியும். சற்று நேரத்தில் இலங்கைக்கு வரவேற்று ஒரு குறுஞ்செய்தியும் வந்து விழும். நாம் கடலில் கால்கூட நனைத்திருக்க மாட்டோம்; கைபேசி மட்டும் அக்கரைக்குப் போய்விட்டிருக்கும். தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். திறந்த கடல்மேல் அலைகளை மறிக்க என்ன இருக்கிறது?

இதற்கு முந்தைய தலைமுறையைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டே பொழுது விடிந்த வீடுகள் தமிழகத்தில் ஆயிரமாயிரம். அன்று அது பாட்டாக வந்தது. இன்று டேட்டாவாக வருகிறது. வானொலி அலைக்கு நாட்டு எல்லை தெரியாது என்பது மட்டும் மாறவில்லை. அதனால்தான் எந்த அலைவரிசையை எந்த நாடு எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை உலக நாடுகள் ஒன்றாக உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பேச்சு கடைசியாக நடந்தது துபாயில். 2023 நவம்பர் 20 முதல் டிசம்பர் 15 வரை, நான்கு வாரங்கள், ஏறத்தாழ 3,900 பிரதிநிதிகள். உலக வானொலித் தொடர்பு மாநாடு என்று பெயர். நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நாளிதழ்களிலும் பெரிதாக வரவில்லை. ஆனால், இன்னும் சில ஆண்டுகளில் நாம் வாங்கப்போகும் கைபேசிக்குள் என்ன இருக்கும், அதன் விலை என்ன, நம் ஊருக்குச் சிக்னல் வருமா என்பவற்றில் பெரும்பகுதி அதுபோன்ற அரங்குகளில்தான் முடிவாகிறது. அடுத்த மாநாடு 2027-ல் ஷாங்காயில். 6ஜி என்று சொல்லப்படும் அடுத்த தலைமுறைக்கான அலைவரிசைகள் அங்கே மேசைக்கு வருகின்றன. அதற்கு முன்பாக நாம் பேசியாக வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

ஒரே கேள்வியில் சிக்கிய சமூகம்

‘அலைக்கற்றை’ என்ற அழகான தமிழ்ச் சொல் நம் வீடுகளுக்குள் வந்தது 2ஜி வழக்கின் வழியாகத்தான். 1.76 லட்சம் கோடி ரூபாய்வரை இழப்பு ஏற்பட்டிருக்கலாம் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2010-ல் கணக்கிட்டார். உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2 அன்று 122 உரிமங்களை ரத்து செய்தது. குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024-ல் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது.

வழக்கின் சரிதவறுகளை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நம் கவலை வேறு. அந்த ஆண்டுகளில் அலைக்கற்றையைப் பற்றி நாம் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எத்தனை கோடி? ஏலம் நடந்தால் தொகையைப் பார்க்கிறோம். தொகை பெரிதாக இருந்தால் நாடு வென்றதாகவும், சிறிதாக இருந்தால் ஏமாந்ததாகவும் முடிவு கட்டுகிறோம். ஏலம் எடுத்த அலை எந்த ஊர்வரை போய்ச் சேர்ந்தது என்று கேட்பதில்லை.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஏரி நிரம்பியதைக் கண்டு மகிழ்வது ஒன்று. மடையைத் திறந்துவிட்டு, வாய்க்காலின் கோடியில் இருக்கும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறியதா என்று பார்ப்பது இன்னொன்று. அலைக்கற்றையில் நாம் இதுவரை ஏரிக்கரையிலேயே நின்றுகொண்டிருக்கிறோம்.

தாழ்ந்த அலை, உயர்ந்த அலை

அலைவரிசைகள் எல்லாம் ஒன்றல்ல. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை நெடுந்தூரம் போகும்; சுவரைத் துளைத்து வீட்டுக்குள் நுழையும். ஒரே டவரால் பல கிராமங்களுக்குச் சேவை தரலாம். ஆனால், அதில் இடம் குறைவு. ஒரே நேரத்தில் நிறைய டேட்டாவைச் சுமக்காது. 26 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசை அதற்கு நேர்மாறு. அகலமான நெடுஞ்சாலைபோல எவ்வளவு டேட்டாவையும் தாங்கும். சில நூறு மீட்டர் தாண்டினால் தளர்ந்துவிடும், மரத்தின் இலையும் வீட்டுச் சுவருமே அதை மறித்துவிடும். 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி இரண்டுக்கும் நடுவில் நிற்பது. அதனால்தான் 5ஜி சேவைக்குப் பெரும்பாலான நாடுகள் அதையே முதலில் தேர்ந்தெடுத்தன.

இந்த அலைவரிசைகளை ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி ஒதுக்கிக்கொண்டால் என்ன ஆகும்? கைபேசியின் உள்ளே இருக்கும் விரல்நகத்தினும் சிறிய வடிகட்டிகளை நினைத்துப் பாருங்கள். வந்து விழும் ஆயிரம் அலைகளில் தனக்குரியதை மட்டும் உள்ளே விட்டு மற்றதை வெளியே நிறுத்துவது அவற்றின் வேலை. ஒவ்வொரு வடிகட்டியும் குறிப்பிட்ட ஓர் அலைவரிசைக்காகவே செய்யப்படுகிறது. நாட்டுக்கு ஓர் அலைவரிசை என்றால் நாட்டுக்கு ஒரு கைபேசி செய்ய வேண்டியிருக்கும். சிறிய நாட்டுக்காக எந்தத் தொழிற்சாலையும் தனியாகச் செய்து தராது. தந்தாலும் விலை எட்டாது. ஒரே அலைவரிசையை நூறு நாடுகள் ஏற்றுக்கொண்டால் அதே கருவி கோடிக்கணக்கில் உற்பத்தியாகிறது. கூலித் தொழிலாளியும் வாங்கும் விலைக்கு இறங்குகிறது.

ஐரோப்பா இதை முதலில் புரிந்துகொண்டது. 1987 செப்டம்பரில் கோபன்ஹேகனில் 13 நாடுகளின் தொலைபேசி நிர்வாகங்கள் ஒரே தொழில்நுட்பத்தில், 900 மெகாஹெர்ட்ஸில், செல்பேசிச் சேவை தருவதென்று கையெழுத்திட்டன. அதுதான் ஜிஎஸ்எம். பிறகு அது உலகையே ஆண்டது. அமெரிக்கா வேறு வழியில் 850, 1900 மெகாஹெர்ட்ஸ் என்று போனது. அந்த நாட்களில் அமெரிக்காவிலிருந்து உறவினர் ஆசையாகக் கொண்டுவந்த கைபேசி இங்கே பொம்மையாகக் கிடந்ததற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம்.

ஆசியாவுக்கும் இதில் பெருமைப்பட ஒரு கதை உண்டு. தொலைக்காட்சி ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறியபோது 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி காலியானது. அமெரிக்கா அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒதுக்கியது. ஆசிய-பசிபிக் நாடுகளோ 2010-ல் கூடிப் பேசி, அதே பகுதியை இரண்டு நீளமான துண்டுகளாக, ஒவ்வொன்றும் 45 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஒரு பொதுத் திட்டமாக வகுத்தன. இந்தியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் ஏற்றன. பிரேசில், மெக்ஸிகோ என்று கடல்தாண்டி லத்தீன் அமெரிக்காவும் அதையே எடுத்துக்கொண்டது. பணக்கார நாடு வகுத்த வழியை மற்றவர்கள் பின்பற்றுவதே வழக்கம் என்றிருந்த துறையில், நம் பிராந்தியம் வகுத்த வழியை உலகம் பின்பற்றியது. கூடிப் பேசினால் நமக்கும் குரல் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஓர் இளவரசரின் தந்தி

அலைகளைப் பங்கிடும் இந்த ஏற்பாடு எப்படிப் பிறந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 1902-ல் ஜெர்மானியப் பேரரசரின் தம்பி ஹெய்ன்ரிச் அமெரிக்கப் பயணத்தை முடித்துக்கொண்டு கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு நன்றி சொல்லிக் கம்பியில்லாத் தந்தி அனுப்ப முயன்றார். கரையிலிருந்த மார்க்கோனி நிறுவன நிலையம் அதை வாங்க மறுத்துவிட்டது. கப்பலில் இருந்தது போட்டி நிறுவனத்தின் கருவி என்பதுதான் காரணம்.

காற்றில் போகும் அலையை ஒரு நிறுவனம் தன் சொத்தாக வைத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி அன்று பெரிதாக எழுந்தது. 1906-ல் பெர்லினில் நாடுகள் கூடின. எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் கரை நிலையங்கள் கப்பல்களின் செய்தியை ஏற்க வேண்டும் என்று விதி செய்தன. ஆபத்தில் உதவி கேட்கும் ‘எஸ்ஓஎஸ்’ குறியீடும் அங்கேதான் ஏற்கப்பட்டது. வணிக லாபத்துக்கு மேலே பொதுநலன் நிற்க வேண்டும் என்பதே உலகின் முதல் வானொலி ஒப்பந்தத்தின் உயிர்நாடி.

இன்று இந்தப் பொறுப்பைச் சுமப்பது ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 1865-ல் பாரிஸில் 20 நாடுகள் தந்திக்காகத் தொடங்கிய அமைப்பு. இப்போது ஐக்கிய நாடுகள் சபையின் ஓர் அங்கம், உறுப்பு நாடுகள் 194. உலகை அது மூன்று பிராந்தியங்களாகப் பிரித்திருக்கிறது. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் அரபு நாடுகளும் முதல் பிராந்தியம். அமெரிக்கக் கண்டங்கள் இரண்டாவது. இந்தியா, இலங்கை, சீனா உள்ளிட்ட ஆசியாவும் ஓசியானியாவும் மூன்றாவது. எந்த அலைவரிசை எந்தப் பிராந்தியத்தில் எதற்கு என்பது ஒரு நீண்ட அட்டவணையாக இருக்கிறது. மாநாடுகள் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடி அந்த அட்டவணையைத் திருத்துகின்றன. பெரும்பாலும் வாக்கெடுப்பு இல்லை. ஒத்த கருத்து வரும்வரை இரவு பகலாகப் பேச்சு நடக்கும்.

அட்டவணையைவிட அதன் அடிக்குறிப்புகள்தான் கவனிக்க வேண்டியவை. ஒரு பிராந்தியம் முழுவதும் உடன்படாதபோது, உடன்படும் நாடுகள் மட்டும் தங்கள் பெயரை அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். சிறிய எழுத்தில் அச்சாகும் அந்த ஒரு வரியில் ஒரு நாட்டின் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதில் கோடிக்கணக்கான ரூபாய் முதலீடும் கோடிக்கணக்கான மக்களின் இணைப்பும் அடங்கியிருக்கின்றன.

6 கிகாஹெர்ட்ஸ் போட்டி

துபாயில் அனல் பறந்தது 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியைப் பற்றித்தான். நடுத்தர அலைவரிசையில் பெரிய அளவில் மிச்சமிருக்கும் இடம் அதுதான். ஒரு பக்கம் செல்பேசி நிறுவனங்கள். மறுபக்கம் வை-ஃபை கருவிகளையும் இணையச் சேவைகளையும் நடத்தும் பெருநிறுவனங்கள். முதல் தரப்புக்குக் கொடுத்தால் உரிமம் பெற்றவர்கள் மட்டும் பயன்படுத்துவார்கள். இரண்டாம் தரப்புக்குக் கொடுத்தால் உரிமம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் வீட்டிலும் அலுவலகத்திலும் வை-ஃபைக்காகப் பயன்படுத்தலாம்.

அமெரிக்கா 2020 ஏப்ரலில் 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ்வரை மொத்தம் 1,200 மெகாஹெர்ட்ஸையும் உரிமமற்ற பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. சீனா 2023-ல் அதன் மேற்பகுதியில் 700 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைச் செல்பேசிச் சேவைக்கென்று அறிவித்தது. ஐரோப்பா கீழ்ப்பகுதியை வை-ஃபைக்குக் கொடுத்துவிட்டு மேற்பகுதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. துபாய் மாநாட்டின் முடிவில் மேற்பகுதி முழுவதையும் முதல் பிராந்தியம் செல்பேசிச் சேவைக்கு அடையாளம் காட்டியது. நம் மூன்றாம் பிராந்தியத்தில் பொது உடன்பாடு வந்தது கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டுமே. மீதிப் பகுதிக்கு அடிக்குறிப்பில் பெயர் கொடுத்த ஆசிய நாடுகள் மூன்று: கம்போடியா, லாவோஸ், மாலத்தீவு.

அதில் பெயர் கொடுக்காத இந்தியாவின் தயக்கத்துக்கு நியாயமான காரணம் உண்டு. நம் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களுக்குத் தரையிலிருந்து சமிக்ஞை ஏறும் வழி இந்த 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் இருக்கிறது. ஆனாலும் முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்க முடியாது. கீழ்ப்பகுதியின் 500 மெகாஹெர்ட்ஸைக் குறைந்த திறனுள்ள வை-ஃபை கருவிகளுக்கு உரிமமின்றித் திறக்கும் வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. இது வரவேற்க வேண்டிய படி. பள்ளிக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் நூலகங்களிலும் நெரிசலில்லாத வை-ஃபை கிடைக்க அது உதவும்.

மேற்பகுதியைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு தெளிவானது: அது படிப்படியாகச் செல்பேசிச் சேவைக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கம்பிவழி இணையம் வருகிறது. அதை அறைகளுக்குள் பரப்ப வை-ஃபை தேவைப்படுகிறது. நம் நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு இணையம் என்றால் கையிலிருக்கும் கைபேசிதான். கம்பியே வராத வீட்டில் வை-ஃபை அலைக்கு என்ன வேலை? செயற்கைக்கோள் நிலையங்களைப் பாதுகாத்துக்கொண்டே, கால அட்டவணை போட்டு, நகரங்களின் நெரிசலைத் தீர்க்கும் வகையில் அதை ஒதுக்கலாம். அமெரிக்காவின் தேவையையோ சீனாவின் திட்டத்தையோ அப்படியே நம் தேவையாக எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

சத்தம் போடாத பக்கத்து வீட்டுக்காரர்

அலைக்கற்றைச் சண்டையில் பணமுள்ள தரப்புகள் உரக்கப் பேசும். பேச ஆளில்லாத தரப்பு ஒன்று உண்டு: வானிலை அறிவியல்.

காற்றிலுள்ள நீராவி 23.8 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் மிக மெல்லிய சமிக்ஞையை இயற்கையாகவே வெளியிடுகிறது. வானிலைச் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்டுத்தான் வளிமண்டலத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று கணிக்கின்றன. 5ஜி-க்கு நாடுகள் தேர்ந்தெடுத்த 24.25 முதல் 27.5 கிகாஹெர்ட்ஸ் பகுதி அதற்குப் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டில் ஒலிபெருக்கி கட்டினால் இந்த வீட்டில் நோயாளியின் நாடித்துடிப்பைக் கேட்க முடியாது. செல்பேசிச் சேவையை வேறு அலைவரிசைக்கு மாற்றலாம். நீராவியை மாற்ற முடியாது. அது இயற்கை வகுத்த இடம்.

பாதுகாப்பு போதாவிட்டால் முன்கணிப்பின் துல்லியம் 30 சதவீதம்வரை குறையலாம், 1980-களின் நிலைக்குப் போய்விடுவோம் என்று அமெரிக்க வானிலை அமைப்பின் அன்றைய பொறுப்புத் தலைவர் நீல் ஜேக்கப்ஸ் 2019 மே மாதம் நாடாளுமன்றக் குழுவிடமே எச்சரித்தார். அந்த ஆண்டு எகிப்தின் ஷர்ம் அல் ஷேக்கில் நடந்த மாநாட்டில் இது பெரும் விவாதமானது. பக்கத்து வீட்டுக்குள் கசியும் ஒலிக்கு வரம்பு வைப்பதுதான் கேள்வி. அந்த எண் எவ்வளவுக்குக் கீழே போகிறதோ அவ்வளவுக்குப் பாதுகாப்பு. உலக வானிலை அமைப்பு கேட்டது மைனஸ் 55 டெசிபல் வாட். ஐரோப்பா கேட்டது மைனஸ் 42. முடிவானது மைனஸ் 33. 2027 செப்டம்பர் 1-க்குப் பிறகு நிறுவப்படும் டவர்களுக்கு மைனஸ் 39. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள தூரம் எண்ணிலேயே தெரிகிறது.

வங்கக் கரையில் வாழும் நமக்கு இது எங்கோ நடக்கும் அறிவியல் தகராறு அல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததன் வலி கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களில் இன்னும் ஆறவில்லை. அடுத்த ஆண்டே கஜா வந்து டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டது. புயலை ஒரு நாள் முன்னதாகச் சரியாகச் சொல்வது என்பது எத்தனை படகுகள், எத்தனை உயிர்கள் என்ற கணக்கு. வேகமான இணையத்துக்காக அந்த ஒரு நாளை இழக்க நாம் சம்மதிக்கக் கூடாது. நம் மாநாட்டுக் குழுவில் தொலைத்தொடர்பு அதிகாரிகளுக்கு இணையாக வானிலைத் துறையின் குரலும் ஒலிக்க வேண்டும்.

உள்நாட்டுத் துறைகள் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவே பாடம். 3.7 கிகாஹெர்ட்ஸ் பகுதியை 8,100 கோடி டாலருக்கு ஏலம் விட்டது அந்நாடு. விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவி 4.2 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அதற்கு இடையூறு வருமோ என்று விமானப் போக்குவரத்துத் துறை கடைசி நேரத்தில் எச்சரித்தது. 2022 ஜனவரியில் உலகின் பல விமான நிறுவனங்கள் அமெரிக்கப் பயணங்களை ரத்து செய்தன. ஏர் இந்தியாவும் அவற்றில் ஒன்று. ஒரே அரசின் இரண்டு துறைகள் பேசிக்கொள்ளாததற்கு டெல்லி விமான நிலையத்தில் பயணிகள் காத்துக் கிடந்தார்கள்.

விற்றால் போதுமா?

இனி ஏலத்துக்கு வருவோம். ஏலம் தவறான முறை என்று நான் சொல்ல வரவில்லை. அரசியல் செல்வாக்குக்கும் ‘முதலில் வந்தவர்க்கு முதலில்’ என்ற இருட்டுக்கும் அது நல்ல மாற்று. ஆனால், ஏலம் ஒரு கருவி. அதை வடிவமைப்பவரின் நோக்கம்போலத்தான் அது வெட்டும். நியூசிலாந்து 1990-ல் நடத்திய ஏலத்தில் வென்றவர் இரண்டாவது அதிகக் கேட்பு விலையைக் கட்டினால் போதும் என்று விதி வைத்திருந்தார்கள். ஒரு லட்சம் டாலர் கேட்ட நிறுவனம் ஒன்று கடைசியில் கட்டியது வெறும் 6 டாலர். அது ஒரு ஓரம். மறு ஓரத்தில், 2000-ல் 3ஜி அலைக்காக பிரிட்டனில் 2,250 கோடி பவுண்டும் ஜெர்மனியில் ஏறத்தாழ 5,000 கோடி யூரோவும் கொட்டிய நிறுவனங்கள் கடனில் மூழ்கின; வலைப்பின்னல் அமைக்கும் வேலை ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது.

நம் கதையைப் பாருங்கள். கிராமங்களுக்கு மிகவும் பொருத்தமான அந்த 700 மெகாஹெர்ட்ஸை 2016-ல் ஏலத்துக்கு வைத்தபோது நாடு முழுவதற்குமான அடிப்படை விலை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய். ஒருவரும் வாங்கவில்லை. 2021-ல் 6,568 கோடியாகக் குறைத்தார்கள். அப்போதும் வாங்க ஆளில்லை. 2022-ல் 3,927 கோடிக்கு இறங்கிய பிறகே ஒரு நிறுவனம் அதில் 10 மெகாஹெர்ட்ஸை வாங்கியது. ஆறு ஆண்டுகள் அந்த அலை சும்மா கிடந்தது.

நிலக்கரியைத் தோண்டாமல் விட்டால் நாளைக்கும் இருக்கும். அலைக்கற்றை அப்படியல்ல. நேற்று பயன்படாத அலை நேற்றோடு போயிற்று. அதைச் சேமித்துவைக்க எந்தக் களஞ்சியமும் இல்லை. அந்த ஆறு ஆண்டுகளுக்கு நடுவில்தான் கொரோனா வந்தது. மலைக் கிராமத்துப் பிள்ளைகள் பாறைமேலும் மரக்கிளையிலும் ஏறி உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கவனித்த படங்களை நாம் செய்தித்தாள்களில் பார்த்தோம். விலை குறையட்டும் என்று நிறுவனங்களும், விலை குறையக் கூடாது என்று அரசும் காத்திருந்த காலத்தின் விலையைக் கட்டியது அந்தப் பிள்ளைகள்.

2022 ஏலத்தில் அரசுக்கு வந்த கேட்புகளின் மொத்தம் 1,50,173 கோடி ரூபாய். அந்த ஆண்டு ஜூலை மாதத்தில் இன்னொரு முடிவையும் மத்திய அமைச்சரவை எடுத்தது: 4ஜி கிடைக்காத 24,680 கிராமங்களுக்குச் சேவை கொடுக்க 26,316 கோடி ரூபாய் செலவிடும் திட்டம். ஒரு கையால் அலையை விற்று, மறு கையால் அது போகாத ஊர்களுக்கு மக்கள் பணத்தைச் செலவிடுகிறோம். திட்டம் நல்ல திட்டம்; அதைக் குறை சொல்லவில்லை. ஆனால், விற்கும்போதே ‘இந்த ஊர்களுக்கும் நீ போக வேண்டும்’ என்று கண்டிப்பான நிபந்தனை வைத்திருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

வேறு நாடுகள் அப்படிச் செய்திருக்கின்றன. பிரான்ஸ் 2018 ஜனவரியில் நிறுவனங்களுடன் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது: பழைய உரிமங்களை ஏலமில்லாமல் நீட்டிக்கிறோம்; பதிலுக்குச் சிக்னல் இல்லாத இடங்களில் ஒவ்வொரு நிறுவனமும் 5,000 புதிய இடங்கள்வரை டவர் அமைக்க வேண்டும். ஜப்பான் 2019-ல் 5ஜி அலையை ஏலம் விடவே இல்லை. நாட்டைப் பத்துக் கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஐந்தாண்டுகளில் எத்தனை சதுரங்களுக்குப் போவாய் என்று கேட்டு, அந்தப் பதிலை வைத்து ஒதுக்கியது. ஜெர்மனி அதே ஆண்டு 100 மெகாஹெர்ட்ஸை ஏலத்திலிருந்து விலக்கி, தொழிற்சாலைகளும் வேளாண் பண்ணைகளும் தங்கள் எல்லைக்குள் பயன்படுத்திக்கொள்ள நேரடியாகக் கொடுத்தது. மூன்றுமே சந்தைப் பொருளாதார நாடுகள். கருவூலத்துக்கு வரும் பணத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மக்களுக்குப் போகும் இணைப்பை எடுத்துக்கொண்டன.

ஷாங்காய்க்குப் போகும் முன்

2027 மாநாட்டில் செல்பேசிச் சேவைக்காக ஆராயப்படும் பகுதிகள்: 4.4 முதல் 4.8, 7.125 முதல் 8.4, 14.8 முதல் 15.35 கிகாஹெர்ட்ஸ். பல நாடுகளில் இவை இப்போது ராணுவத்திடமும் செயற்கைக்கோள்களிடமும் இருப்பவை. எனவே பேரம் கடினமாக இருக்கும். ஐரோப்பாவின் 46 நாடுகள் முன்கூட்டியே கூடி ஒரே நிலைப்பாட்டோடு வருகின்றன. ஆப்பிரிக்காவும் அப்படி வரக் கற்றுக்கொண்டது. ஈரானிலிருந்து டோங்காவரை 38 நாடுகள் கொண்ட நம் ஆசிய-பசிபிக் அமைப்புக்கு ஒரே குரலில் பேசுவது எளிதல்ல. ஆனால், 700 மெகாஹெர்ட்ஸில் ஒருமுறை செய்துகாட்டினோம். இன்னொரு முறையும் முடியும்.

அதற்கு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, இந்தியாவின் நிலைப்பாட்டு வரைவை மாநாட்டுக்கு வெகு முன்னதாகவே பொதுமக்கள் முன் வைக்க வேண்டும்; ஆங்கிலத்தில் மட்டுமல்ல, இந்திய மொழிகளிலும். மீனவருக்கும் ஆசிரியருக்கும் இதில் சொல்ல வார்த்தை இருக்கிறது. இரண்டாவது, இனி எந்த அலைக்கற்றையைக் கொடுத்தாலும் ஊர்வாரியாக எப்போது சேவை போகும் என்ற அட்டவணையோடு கொடுக்க வேண்டும். குறித்த காலத்தில் பயன்படுத்தாத பகுதிகளில் அந்த அலையை மற்றவர்க்குத் திறந்துவிட வேண்டும். மூன்றாவது, இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம் போன்ற அண்டை நாடுகளோடு முன்னதாகவே ஒருங்கிணைந்து, வானிலை அலைவரிசைகளுக்குக் கூடுதல் காப்பு கேட்டு ஒன்றாக நிற்க வேண்டும். ஒரே கடலின் புயல்தான் எல்லோரையும் தாக்குகிறது.

2025-ன் கணக்குப்படி உலகில் 220 கோடிப் பேர் இன்னும் இணையத்துக்கு வெளியே இருக்கிறார்கள். 6ஜி வந்து நகரத்து இளைஞரின் திரைப்படம் இன்னும் ஒரு நொடி வேகமாக இறங்குவது வளர்ச்சிதான். ஆனால், ஆழ்கடலை நோக்கிப் போகும் படகுக்கும் மலையுச்சிப் பள்ளிக்கும் முதல் கோடு சிக்னல் வருவதுதான் பெரிய வளர்ச்சி.

அடுத்த ஏலச் செய்தி வரும் நாளில் வாசகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ‘எத்தனை கோடி’ என்று கேட்பதற்கு முன்னால், ‘எந்த ஊர்வரை’ என்று கேளுங்கள்.